தாள் அடைத்த பெட்டியும் பெயர் இழந்த குழுவும்

இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலிலிருந்தே தம் கதையைத் தொடங்குவர். அங்கு வந்து சேர்ந்த வழி அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. 'ராக்கெட் 88' என்னும் அமெரிக்கப் பாடலின் நிலை இதற்கு நேர்மாறானது. அதைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, கலைஞர்கள் காரில் சென்ற அந்தச் சில மணி நேரத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதில் நியாயம் உண்டு. கூடவே ஓர் அநியாயமும் ஒளிந்திருக்கிறது.

1951 மார்ச் மாதத் தொடக்கம். மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் என்ற சிற்றூரிலிருந்து டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகருக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பருத்தி வயல்களின் நடுவே செல்லும் 61ஆம் எண் நெடுஞ்சாலை. பியானோ வாசிக்கும் ஐக் டர்னர் என்ற 19 வயது இளைஞரும் அவருடைய 'கிங்ஸ் ஆஃப் ரிதம்' குழுவினரும் கருவிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு புறப்பட்டனர். அனைவரும் கறுப்பினத்தவர். நிறப் பாகுபாடு சட்டமாகவே நிலவிய மிசிசிப்பியில், வெள்ளையர் விடுதிகளின் கதவுகள் அவர்களுக்குத் திறக்கமாட்டா. கறுப்பினத்தவருக்கென்றே கிளார்க்ஸ்டேலில் நடந்துவந்த ரிவர்சைடு ஹோட்டலில்தான் இக்குழு ஒத்திகை பார்த்துவந்தது. மெம்ஃபிஸில் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் சாம் ஃபிலிப்ஸ் என்ற வெள்ளையர், 1950இல் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடம் திறந்திருந்தார். திருமணமோ, நல்லடக்கமோ, எதையும் பதிவுசெய்து தருவது அவர் தொழில். கறுப்பினக் கலைஞர்களின் இசையைப் பதிவுசெய்வதோ அவர் ஆசை. இவர்களை அவரிடம் போகச் சொன்னவர் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பி. பி. கிங்.

வழியில் என்ன நடந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆம்ப்ளிபயர் காரின் மேலிருந்து விழுந்துவிட்டது என்பது ஒரு கதை. டயர் வெடித்தது, மழை பெய்தது, பின்பெட்டியில் இருந்த கருவி நனைந்தது என்பது மற்றொரு கதை. கண்டவர்களே காலப்போக்கில் வேறுவேறாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு மட்டும் எல்லாக் கதைகளிலும் ஒன்றே. கிட்டார் கலைஞர் வில்லி கிசார்ட் தம் ஆம்ப்ளிபயரை இயக்கியபோது, கேட்டது கிட்டாரின் இனிய நாதம் அன்று, கரகரவென்ற இரைச்சல்.

இதன் காரணம் எளியது. ஸ்பீக்கரின் நடுவே கூம்பு வடிவில் ஒரு தாள் உண்டு. மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அது முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. நாம் ஒலியைக் கேட்கிறோம். அந்தத் தாள் கிழிந்தால் கிழிசலின் ஓரங்களும் தம் போக்கில் அதிரும். பழுதுபார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஃபிலிப்ஸ் சிறிது காகிதத்தைக் கசக்கி உள்ளே அடைத்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த ஒலி ஒரு சாக்ஸபோனைப் போல் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கிட்டாரைப் பின்னணியில் அமுக்கிவிடாமல், பதிவில் முன்னே வைத்தார்.

முதன்முறை இப்பாடலைக் கேட்டபோது, பதிவுதான் கெட்டுப்போயிற்றோ என்று நான் ஐயுற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுருதி சுத்தத்தைப் பெரிதாகப் போற்றும் செவிக்கு அது இயல்பே. இரண்டாம் முறை கேட்டால் அமைப்பு விளங்குகிறது. டர்னரின் பியானோ துள்ளி எழுந்து தொடக்கம் செய்கிறது. பிறகு கிசார்ட், தாழ்ந்த சுரங்களில் ஒரே நடையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். தனி ஆவர்த்தனம் எதற்கும் அவர் ஆசைப்படவில்லை. தெளிவான ஒலியில் இதே நடை கேட்பாரற்றுப் போயிருக்கும். கரகரப்பு சேர்ந்ததால், சரளைக்கல் பாதையில் வண்டி ஓடுவதுபோல் பாடல் முழுவதற்கும் அடியில் அது உருண்டுகொண்டே இருக்கிறது. அதன்மேல் ஜாக்கி பிரென்ஸ்டன், ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனத்தின் புதிய காரைப் புகழ்ந்து பாடுகிறார். ரேமண்ட் ஹில்லின் சாக்ஸபோன் கூவி ஆர்ப்பரிக்கிறது. பாடல் வரிகளில் ஆழம் தேட வேண்டாம். ஜிம்மி லிகின்ஸ் என்பவர் வேறொரு காரைப் பற்றி முன்பே பாடிய பாடலின் சாயலில் எழுந்தது இது.

விபத்துதான் இந்த இசையைப் படைத்தது என்று எழுதுவோருடன் நான் உடன்படேன். உடைந்த கருவிகள் அந்நாளில் எத்தனையோ. பெரும்பாலோர் இரவல் கருவி தேடியிருப்பர், அல்லது கிட்டாரையே விட்டுவிட்டிருப்பர். இங்கே ஒருவர் கேட்டார், மற்றொருவர் அந்த ஒலிக்கேற்பத் தம் விரல்களை அடக்கினார். இவ்விரண்டும் கலைஞனின் முடிவுகள். பிற்காலத்தார் இதை நன்றாகவே புரிந்துகொண்டனர். 1958இல் லிங்க் ரே தம் ஸ்பீக்கரில் வேண்டுமென்றே துளையிட்டார். 1964இல் டேவ் டேவிஸ் பிளேடால் கிழித்தார். 1962இலேயே, காலால் அழுத்தினால் இந்தக் கரகரப்பைத் தரும் சிறு பெட்டி கடைக்கு வந்துவிட்டது. பழுதையும் விலைக்கு வாங்கும் காலம்!

இதுவே முதல் 'ராக் அண்ட் ரோல்' இசைத்தட்டு என்ற வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. 1940களின் இறுதியில் வந்த வேறு சில தட்டுகளுக்கும் அந்த உரிமை கோரப்படுகிறது. டர்னரே அப்பட்டத்தை ஏற்கவில்லை.

அக்கறை கொள்ள வேண்டியது வேறொன்று. அன்று அக்குழு நான்கு பாடல்களைப் பதிவுசெய்தது. இரண்டைப் பிரென்ஸ்டன் பாடினார், இரண்டை டர்னர் பாடினார். ஃபிலிப்ஸிடம் அப்போது சொந்த வெளியீட்டு நிறுவனம் இல்லை. சிகாகோவின் செஸ் நிறுவனத்திற்கு அவற்றை அளித்தார். டர்னர் பாடியவை அவர் குழுவின் பெயரில் வெளிவந்து கவனிப்பாரின்றிப் போயின. 'ராக்கெட் 88' வெளிவந்தது 'ஜாக்கி பிரென்ஸ்டனும் அவருடைய டெல்டா கேட்ஸும்' என்ற பெயரில். பாடியவர் பிரென்ஸ்டன் என்பது உண்மைதான். ஆனால் பதிவு நடந்த நாளில் டெல்டா கேட்ஸ் என்றொரு குழு இவ்வுலகில் இல்லை. 1951 ஜூனில் தட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. புகழ் தேடி வந்த பிரென்ஸ்டன் குழுவை விட்டு விலகினார். அதே ஆண்டில் பில் ஹேலி என்ற வெள்ளைப் பாடகர் இப்பாடலைப் பாடி வெளியிட்டார். அதில் கிட்டார் மிகத் துப்புரவாக இருக்கிறது. என் செவிக்கு அதுவே அதன் குறை. ஃபிலிப்ஸ் 1952இல் 'சன்' என்ற தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1954இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு அங்கிருந்து வந்தது.

டர்னரை அப்பாவியாகக் காட்டுவது என் நோக்கமன்று. மனைவி டீனா டர்னருக்கு அவர் இழைத்த கொடுமைகளை உலகம் அறியும். எந்த இசையும் அவற்றை ஈடுசெய்யாது. பிரென்ஸ்டனின் தனிவாழ்வும் ஓங்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் டர்னரின் குழுவுக்கே சாக்ஸபோன் கலைஞராகத் திரும்பி வந்தார். 1979இல் மெம்ஃபிஸில் காலமானார். கிசார்ட்டைப் பற்றியோ நூல்களில் சில வரிகளே கிடைக்கின்றன. அவருடைய ஆம்ப்ளிபயரின் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதன் முன் அமர்ந்து வாசித்தவரைப் பற்றி எழுதியவர் சிலரே. பெட்டிக்குள் எந்தக் காகிதம் அடைக்கப்பட்டது என்று ஆராய்வோர் இன்றும் உளர்.

2018இல் கிளீவ்லாந்து நகரின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' இப்பாடலை ஒரு தனித்தட்டாகச் சிறப்பித்தது. அறிவிப்பில் இருந்த பெயர், ஜாக்கி பிரென்ஸ்டனும் அவருடைய டெல்டா கேட்ஸும்.