முன்பாயும் பெர்னூலி விதியும்

இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகை மாணவர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். 17 மீட்டர் நீளமுள்ள அப்படகில் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்னும் இரு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினர். இத்தகைய படகில் மரத்துக்குப் பின்னே பெரும்பாயும், முன்னே முக்கோண வடிவில் முன்பாயும் இருக்கும்.

முன்பாயால் என்ன பயன்? இரு பாய்களுக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் காற்று விரைகிறது, பெர்னூலி விதிப்படி அங்கே அழுத்தம் குறைகிறது, படகு இழுக்கப்படுகிறது. நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம் இது. நானும் வகுப்பில் சொன்னதுண்டு. இது பிழையானது.

நம் தஞ்சை வயல்களையே பாருங்கள். ஒற்றை வாய்க்காலைக் குறுக்கினால், வரும் நீர் முழுவதும் அவ்வழியேதான் போகவேண்டும், வேகம் கூடும். இரண்டு வாய்க்கால் பிரியுமிடத்தில் ஒன்றின் மடையைக் குறுக்கினால், நீர் மற்றதில் திரும்பிவிடும். பாய்களைச் சூழ்ந்த காற்றுக்கும் கரை கிடையாது. இடைவெளியை நெருங்கும் காற்று வேகம் குறைகிறது. ஒரு பகுதி முன்பாயின் வெளிப்புறமாக விரைகிறது. இதை அமெரிக்க விமான இயல் வல்லுநர் ஆர்வெல் ஜென்ட்ரி 1971-இல் தெளிவாக்கினார்.

விளக்கம் எதுவானால் என்ன, படகு ஓடினால் போதாதா? போதாது. பழைய விளக்கத்தை நம்பியவர் முன்பாய்க் கயிறு செல்லும் கப்பியை உட்புறமாக நகர்த்தி, இடைவெளியை மேன்மேலும் குறுக்குவார். அளவு மீறினால் பெரும்பாயின் முன்விளிம்பு எதிர்ப்புறமாக உப்பி, இழுவிசை குறையும்.

இன்னொரு குறை: முன்பாயைத் தாங்கும் கம்பிக்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை. 12 மீட்டர் கம்பியில் காற்றின் பக்கவிசை 100 கிலோகிராம் எடை என்றும், நடுத்தொய்வு 12 செ.மீ. என்றும் கொள்வோம். கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 1,250 கிலோகிராம் எடை. தொய்வைப் பாதியாக்க அதுவே 2,500 ஆகிவிடும்! துணி உலர்த்தும் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொள்வதும் இதனால்தான். எனவே கம்பியை முடுக்கும் திருகை ஆசைக்குத் திருகலாகாது.

சரியான நிலையை அறிய மாலுமிகள் பாயின் இருபுறமும் கம்பளி நூல் கட்டுகின்றனர். இரண்டும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் நன்று. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் கயிற்றை இழுக்கவேண்டும். மறுபுறத்து நூல் துள்ளினால் தளர்த்தவேண்டும்.

பெர்னூலி விதியில் குற்றமில்லை. அதைப் பொருத்திய இடத்தில்தான் குற்றம். சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் மாணவர்கள், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் கேட்டுப் பழகவேண்டும், ஆசிரியர்களாகிய நாங்களும்தான்.