கொட்டியாரக் குடாவும் திரையின் வண்ணத்தட்டுகளும்

ஒரு வண்ணத்தட்டுக்கென எழுதப்பட்ட படத்தை வேறொரு தட்டுடைய திரையில் பொருள் மாறாது காட்டுவது, திரையைக் கணினியோடு இணைக்கும் டிஸ்ப்ளே டிரைவரை எழுதுவோரின் பழைய கடமைகளுள் ஒன்றாகும். வண்ணத்தட்டு என்பது எண்ணிட்ட நிறங்களின் அட்டவணை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிறத்தையன்றி அதன் எண்ணையே தாங்கி நிற்கும். 1987இல் வந்த விஜிஏ முறை, 2,62,144 நிறங்களுள் ஒரே வேளையில் 256ஐ மட்டுமே காட்ட இடமளித்தது. ஆகவே ஒரு தட்டின் எண்ணுக்கு மறு தட்டின் எண் எதுவெனச் சொல்லும் மாற்று அட்டவணை இன்றியமையாததாயிற்று.

அதனை நிரப்புவதில் இரு நெறிகள் நிலைபெற்றன. சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளை ஒப்பிட்டு மிக நெருங்கிய நிறத்தைத் தெரிவது ஒன்று. 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறைப்படி, அத்தெரிவில் எஞ்சும் பிழையை அயற்புள்ளிகளுக்குப் பகிர்வது மற்றொன்று. ஒளிப்படத்துக்கு இவை போதும், நீரின் ஆழத்தை நிறத்தால் காட்டும் கடற்படத்துக்குப் போதா.

இவ்வேறுபாட்டைத் திருகோணமலையில் தெளிவாகக் காணலாம். மகாவலி கங்கையின் நீர் வந்து சேரும் கொட்டியாரக் குடாவில், கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு அண்மையிலேயே ஆழத்தை விரைவாகப் பெருக்குவதால், ஆழக்கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி, அவற்றுக்கிடையிலான நிறப்பட்டைகள் குறுகிவிடுகின்றன. நெருங்கிய நிறத்தைத் தேடும் நெறி அடுத்தடுத்த இரு நீலங்களை ஒரே எண்ணில் அடக்கினால், அப்பட்டைகளின் வேறுபாடு அழியும். பிழையைப் பகிரும் நெறியோ, படக்குறிகளோடு குழம்பும் துகள்களைத் தூவும்.

எக்டிஸ் எனப்படும் மின்னணுக் கடற்படக் கருவிக்கு வழங்கும் நியமம், சர்வதேச நீர்ப்பரப்பளவியல் அமைப்பின் எஸ்-52 ஆகும். அது மூன்றாவது நெறியைச் சார்ந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் பணியைச் சொல்லும் குறிப்பெயரை வழங்கி, மிக ஆழங்குறைந்த நீரை டெப்விஎஸ் என்றும் ஆழ்நீரை டெப்டிடபிள்யூ என்றும் குறிப்பதோடு, பகல், அந்தி, இரவு ஆகிய தட்டுகளில் அப்பெயருக்குரிய நிறத்தை, எந்தத் திரையையும் சாராத சிஐஇ அளவுமுறையில் அது வரையறுக்கிறது. அவ்வளவைத் தன் திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளாக்குவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

இந்நெறியின் மேன்மை இரவில்தான் முழுமையாகப் புலப்படுகிறது. பகல் தட்டில் ஆழ்நீர் மிக வெளிறியும் ஆழங்குறைந்த நீர் அடர்ந்த நீலமாகவும் இருக்க, இரவுத் தட்டில் ஆழ்நீர் ஏறக்குறையக் கருமையாகி, ஆழங்குறைந்த நீரே சற்று ஒளிர்கிறது. வரிசையே தலைகீழாவதால், பகற்படத்தை மங்கலாக்கி இரவுப்படத்தைப் பெற இயலாது. பெற முயன்றால், இருளுக்குப் பழகியிருக்க வேண்டிய மாலுமியின் கண் திரையின் வெளிச்சத்தால் கூசி, துறைமுக வாயிலின் மிதவை விளக்குகளைத் தவறவிடக்கூடும். உள்வரும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் என்பதே இலங்கை பின்பற்றும் மிதவை ஒழுங்கு. எத்தட்டிலும் இவ்விரண்டும் மயங்கலாகாது.

உயிரும் சரக்கும் நிறத்தை நம்பிச் செல்லும் இடத்தில் குறிப்பெயர் நெறியே சரியானது. எஸ்-52 ஆவணம் கட்டணமின்றிக் கிடைப்பதால், திருகோணமலையின் கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் கணினி பயிலும் மாணவர்கள் அதனைத் தம் துறைமுகத்தின் கடற்படத்தோடு வைத்துக் கற்க வேண்டும்.