தோற்றவன் சொன்னது

சண்டையில் யார் ஜெயித்தார் என்பது விமர்சனக் கேள்வி அல்ல. ஆனால் நம் வட்டத்தில் ஒரு விவாதம் ஓய்ந்ததும் முதலில் கேட்கப்படுவது அதுதான். மௌனமாகிவிட்டவன் தோற்றவன். அதன்பின் அவன் என்ன சொன்னான் என்று யாரும் திரும்பிப் படிப்பதில்லை. இதை யோசிக்க எனக்கு வாய்த்தது 1986-87ல் நியூயார்க்கில் இரு ராப் பாடகர்களிடையே மூண்ட சண்டை. இருவரும் ஏறக்குறைய இருபத்தொரு வயதினர். பேட்டைக்கு வெளியே அப்போது பெரிதாக அறியப்படாதவர்கள்.

எம்.ஸி. ஷான், குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பைச் சேர்ந்தவர். 1939ல் திறக்கப்பட்ட, 96 கட்டிடங்கள் கொண்ட இடம். 1986ல் வந்த அவருடைய ஒரு ரெகார்டின் முன்பக்கம், வேறொரு பாடகர் தாளத்தைத் திருடிவிட்டதாகச் சாடுகிறது. பின்பக்கத்தில் 'த பிரிட்ஜ்'. தன் குடியிருப்பில் இந்தக் கலை எப்படித் தொடங்கிற்று, யார் யார் இருந்தார்கள் என்று நினைவுகூரும் பாட்டு. வம்புக்கு எழுதிய பக்கத்தை விட்டுவிட்டு, நினைவுக்கு எழுதிய பக்கம் வம்பாயிற்று.

கே.ஆர்.எஸ். ஒன், பிராங்க்ஸில் வீடற்றோர் விடுதியில் தங்கியிருந்தவர். அங்கு சமூக ஊழியராக இருந்த ஸ்காட் லா ராக்குடன் சேர்ந்து குழு அமைத்தார். ஷானின் பாட்டை, ஹிப் ஹாப்பே குவீன்ஸ்பிரிட்ஜில்தான் பிறந்தது என்ற உரிமைக்கோரலாக அவர் எடுத்துக்கொண்டார். ஷான் அப்படிச் சொல்லவில்லை. பதிலாக வந்தது 'சௌத் பிராங்க்ஸ்'. 1973 ஆகஸ்டில் பிராங்க்ஸில் ஒரு விருந்தில் கூல் ஹெர்க் ரெகார்டு சுழற்றியதையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆகவே கே.ஆர்.எஸ். சொன்ன சரித்திரம் சரி. அவர் யாருக்கு எதிராகச் சொன்னாரோ அந்த ஆள்தான் அங்கு இல்லை.

'கில் தட் நாய்ஸ்' என்று ஷான் மறுமொழி பாடினார். அப்படியொன்றைத் தான் சொல்லவேயில்லை என்பது அதன் சாரம். நியாயமான பேச்சு. ஆனால் தன் கவிதைக்குத் தானே உரை சொல்ல நேர்ந்தவனின் குரல் அதில் கேட்கிறது. இதற்கு 1987ல் கே.ஆர்.எஸ். பாடிய 'த பிரிட்ஜ் இஸ் ஓவர்' வாதத்துக்குள் நுழையவே இல்லை. குரலை மாற்றிக்கொண்டது. ஜமைக்கா டான்ஸ்ஹால் பாணி உச்சரிப்பு, அங்கிருந்தே எடுத்த பியானோ அடி. கூல் ஹெர்க் ஜமைக்காவில் பிறந்து பிராங்க்ஸுக்கு வந்தவர் என்பதை நினைத்துக்கொண்டால், தொடக்கம் பற்றிய வாதத்தைக் கருத்தாக அல்லாமல் ஓசையாகவே இந்தப் பாட்டு நிறுவிவிடுகிறது என்பது புரியும். இங்கே உருவமே வாதம். இது உயர்ந்த பாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் லாவணியிலும் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று மோதுகிறார்கள். அங்கே கட்சி ஒரு வேஷம். விடிந்ததும் கலைத்துவிடலாம். இங்கே கட்சி என்பது அவரவர் தெரு. கலைக்க முடியாது. ஷான் பெயர் இன்றைக்கும் அநேகமாகத் தோற்றவன் பெயராகவே சொல்லப்படுகிறது.

ஆனால் பாலம் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு என்னவாயிற்று? அதே குடியிருப்பிலிருந்து 1994ல் நாஸ் 'இல்மாட்டிக்' தொகுப்போடு வந்தார். 'த பிரிட்ஜ்' பாட்டுக்காக மார்லி மார்ல் ஒரு பழைய ரெகார்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய முரசொலி, பின்னால் எத்தனையோ பாட்டுகளில் ஒலித்தது. 2007ல் அந்த மார்லி மார்லுடன் சேர்ந்து கே.ஆர்.எஸ்.ஸே ஒரு தொகுப்பு வெளியிட்டார். வாக்கில் ஜெயித்தவர் ஒருவர். கலையின் ஓசைக்குள் நிலைத்தது தோற்றவன் பக்கத்துச் சரக்கு.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். முன்னுரையில் தன் ஊரில் எழுத வந்தவர்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். புதுக்கவிதையே தன் ஊரில் பிறந்ததாக உரிமை கொண்டாடுகிறார் என்று நான் கிண்டல் செய்தேன். நன்றாக எழுதப்பட்ட மதிப்புரை. பலர் பாராட்டினார்கள். அவர் ஒரு கடிதம் எழுதினார், தான் அப்படிச் சொல்லவில்லை என்று. அதையும் ஒரு வரியில் பரிகசித்தேன். அதன்பின் அவர் எழுதவில்லை. போன மாதம் அந்த முன்னுரையை எடுத்துப் படித்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லைதான்.

நான் வேலை பார்க்கும் பாங்கில் மாலையில் கணக்கு உதைத்தால் வவுச்சர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். கவுண்டரில் யார் குரல் ஓங்கியிருந்தது என்று பார்ப்பதில்லை. இந்தச் சாதாரண ஒழுங்கு என் விமர்சனத்தில் இல்லாமல் போயிற்று. கே.ஆர்.எஸ்.ஸின் தவறான வாசிப்பிலிருந்து ஒரு பாட்டாவது பிறந்தது. என்னுடையதிலிருந்து பிறந்தது ஒரு மதிப்புரை.

இன்றும் இரண்டில் எது நல்ல பாட்டு என்று கேட்டால் 'த பிரிட்ஜ் இஸ் ஓவர்' என்றுதான் சொல்வேன். ரசனை இரக்கத்துக்கு வளையாது, வளைய வேண்டியதுமில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு ஷான் என்னதான் சொன்னார் என்று ஒருமுறை முழுதாகக் கேட்டாக வேண்டும். நண்பரின் தொகுப்பைப் பற்றி இந்த ஏட்டுக்கு மீண்டும் எழுத இருக்கிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.