கம்புள் எந்தக் கோழி? ஐங்குறுநூறு 85 பற்றி ஒரு குறிப்பு

ஐங்குறுநூறு 85, ஓரம்போகியார் பாடிய மருதப் பாட்டு. பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனிடம் தலைவி, "சின்னப் பிள்ளை மாதிரி நடந்துக்கிறியே, பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்கிறாள். அவன் ஊரைச் சொல்ல ஒரு பறவை வருகிறது: கம்புள். உரைகள் 'சம்பங்கோழி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது எந்தக் கோழி என்பதுதான் கேள்வி.

பாட்டு தரும் துப்பு நான்கு: வெள்ளை நெற்றி, அரித்த குரல், வயல், கூட இருக்கும் கிளை.

நெற்றியை வைத்தே பலதைக் கழிக்கலாம். தாழைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் நெற்றிக் கவசம் சிவப்பு. சின்னக் கானாங்கோழி வகைகளுக்கு வெள்ளை நெற்றியே கிடையாது. மிஞ்சுவது இரண்டு: நாமக்கோழி, வெண்மார்புக் கானாங்கோழி.

நாமக்கோழி என்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அது கூட்டமாக மிதக்கும் பறவை, 'கிளை' பொருந்துகிறது. ஆனால் அது திறந்த நீர்ப்பரப்பைத்தான் விரும்பும். கானாங்கோழியோ வயல் வரப்பிலும் புதரோரத்திலும் வாலை ஆட்டிக்கொண்டு திரியும். நெற்றி, முகம், மார்பு எல்லாம் வெள்ளை. மழைக்காலத்தில் உறுமி, கரகரத்து, பிறகு 'குவாக் குவாக்' என்று ஓயாமல் கத்தும். ஒன்று தொடங்கினால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்துகொள்ளும். கருப்புக் குஞ்சுகளோடு போகும் தாயை 'கிளையோடு' என்று சொல்லலாமே. குரல், இடம் இரண்டையும் பார்த்தால் என் ஓட்டு கானாங்கோழிக்கே.

இன்னொன்று. இரண்டு இனத்திலும் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆக 'பேடை' என்பது கண்ணால் பிரித்தறிந்த தகவலாக இருக்க வாய்ப்பு குறைவு, கவிஞரின் தேர்வு. சேவலைப் பற்றிப் பேச்சே இல்லை. பேடை தன் சுற்றத்தோடு கத்துகிறது, தலைவன் வெளியே திரிகிறான். தலைவி நேராகச் சொல்லாத குறை அங்கே ஒலிக்கிறது. வெறும் 'ஒரு நீர்ப்பறவை' என்று படித்தால் இது காதில் விழாது.

தளவாய்புரம் பக்கம், ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களைப் பார்க்கும்போதும் இந்த வேறுபாடு முக்கியம். தூர்வாரும்போது கரையோரக் கோரையையும் புதரையும் மொத்தமாக வழித்துவிட்டால் நாமக்கோழிக்குத் தண்ணீர் இருக்கும். கானாங்கோழிக்கு ஒதுங்க இடம் இருக்காது. உரையில் 'சம்பங்கோழி' என்று வாசிக்கும் மாணவனுக்கு அந்தக் குரலை ஒருமுறையாவது கேட்க வாய்ப்பிருக்க வேண்டும்.