கருணைத் தொகை

சோஃபியா அஷ்ரஃபின் ‘கொடைக்கானல் வோண்ட்’ பாடலை வகுப்பில் போட்டுக் காட்டினால், மாணவிகள் முதலில் கேட்பது “ஏன் மேடம் இங்கிலீஷ்ல?” என்பதுதான். 2015 ஜூலை இறுதியில் வெளியான ராப் அது. மெட்டு நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’. தன் உடம்பைத் தானே கொண்டாடும் ஒரு கறுப்பினப் பெண்ணின் திமிர் அந்த மெட்டிலேயே ஊறியிருக்கிறது. சோஃபியா கடன் வாங்கியது அந்தத் திமிரைத்தான். சூழல் கேட்டைப் பற்றிய நம் கவிதைகளில் பெண் பெரும்பாலும் அழ வருகிறாள். வற்றிய ஆறும் அவள், மலடான மண்ணும் அவள். இங்கே ஒருத்தி கடன்காரனை வாசலில் நிறுத்திக் கேட்கிறாள். முதலாளி லண்டனில் இருக்கிறார், அவர் காதில் விழும் மொழியில் கேட்கிறாள்.

கேட்பதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் மலையேறிவந்த தெர்மாமீட்டர் ஆலை, பிறகு யூனிலீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லின் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டன, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். பாதரச ஆவிக்கு வாசனை கிடையாது. மூச்சில் போவது தெரியாது, நஞ்சுக்கொடி கடந்து கருவுக்குப் போவதும் தெரியாது.

பாடலில் எனக்குள்ள குறை வேறு. அதன் விளி முழுக்க நிறுவனத்தை நோக்கியே இருக்கிறது. ஆலையைச் சோதித்திருக்க வேண்டிய அரசு சத்தமில்லாமல் நழுவிவிடுகிறது.

2016 மார்ச்சில் உடன்பாடு வந்தது. முன்னாள் தொழிலாளர் தரப்பில் 591 பேர், தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தரப்படும் கருணைத் தொகை என்றார்கள். பதினைந்து வருடப் போராட்டம் பலன் தந்ததே என்று மகிழ்ந்தவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சொல்லோடுதான் சண்டை. இழப்பீடு என்று சொன்னால் இழப்பை உண்டாக்கியவர் ஒருவர் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். கருணையில் கொடுப்பவர் இருக்கிறார், கும்பிடுபவர் இருக்கிறார், தவறு செய்தவர் காணாமல் போகிறார். கணவன் செத்தபின் ‘கருணை அடிப்படையில்’ வேலை கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெண்களுக்கு இந்த இலக்கணம் புதிதில்லை.

மண்ணுக்கு அந்தக் கருணையும் வாய்க்கவில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மண்ணில் இருக்கலாம் என்று சுத்திகரிப்புக்கு அளவு வைத்தார்கள். 2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய தொடர்ச்சி இங்கிருந்துதான் கேள்வி எழுப்புகிறது: இதே மண் பிரிட்டனில் இருந்தால் இந்த அளவோடு விட்டுவிடுவீர்களா?