உப்புக்காற்றில் ஒரிஜினல்

வண்டி கைமாறும்போது சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பது வழக்கம். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழுந்து வரும். எங்கள் வீட்டு யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு அப்படித் தேய்த்தபோது கடைசிக்கு முந்தின எண் மட்டும் எழவில்லை. 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். அப்பா 1990-ல் வாங்கிய வண்டி. முப்பத்தைந்து வருடக் காரைக்கால் கடற்காற்று அந்த இடத்தைப் பொரிப்பொரியாக அரித்திருந்தது. வாங்க வந்தவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புக்குல எட்டு இருக்கு சார், வண்டியில தெரியலையே" என்றார். அதுவரை பேசியிருந்த விலையில் இருபதாயிரம் இறங்கியது.

வண்டியை விற்கவில்லை. ஆனால் பழைய வண்டிக்கு ஏறுகிற விலை எதற்கான விலை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

இந்தச் சந்தையின் உச்சாணிக்கொம்பில் இருப்பவை ஐரோப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். 2022 மே மாதம் மெர்சிடீஸ் நிறுவனம் தன்னிடமிருந்த 1955-ஆம் ஆண்டு 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே ஒன்றை 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அந்த வகையில் செய்யப்பட்டவை இரண்டே கார்கள். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. அதில் ஒன்று 2018-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. எண்ணிக்கை குறைவு என்பது முதல் காரணம். ஆனால் அது மட்டும் போதாது. உலகில் ஒன்றிரண்டே மிஞ்சியும் கேட்பாரற்றுக் கிடக்கும் கார்கள் எத்தனையோ உண்டு. பந்தயத்தில் ஓடி ஜெயித்திருக்க வேண்டும், யார் யார் கையில் இருந்தது என்ற கதை அறுபடாமல் இருக்க வேண்டும், தொழிற்சாலையில் பூட்டிய அதே என்ஜின் அதே சேசிஸில் இருக்க வேண்டும். இவை எல்லாம் கூடினால்தான் அந்த விலை.

இவற்றுக்கும் அடியில் ஓடுகிற காரணம் ஒன்று உண்டு: வயது. வண்டியின் வயதைச் சொல்லவில்லை, வாங்குபவரின் வயதைச் சொல்கிறேன். பதினைந்து வயதில் ஏக்கத்தோடு பார்த்த வண்டியை மனிதன் ஐம்பது வயதில், கையில் காசு சேர்ந்தபின் வாங்குகிறான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பலவற்றின் விலை தளர்ந்ததற்கும் 1980, 90-களின் கார்கள் ஏறியதற்கும் இதுவே பெரிய விளக்கம். ஏங்கிய தலைமுறை போய்விட்டால், ஏக்கமும் அதோடு போய்விடுகிறது.

நம் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்றை அன்றாடம் தெருவில் பார்த்து வளர்ந்தவர் யாரும் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றையிருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் முதலில் ஓட்டிப் பழகியவற்றில் அதுவும் ஒன்று. அவை பத்திரிகையில் படித்த சங்கதிகள். காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு பையன் நின்று திரும்பிப் பார்த்தது இரண்டு சக்கரத்தைத்தான். அதனால் இங்கே ஃபெராரியின் இடத்தில் இருப்பவை ஆர்.டி. 350-யும் ஆர்.எக்ஸ். 100-உம்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் ஆர்.டி.யைக் கொண்டுவந்தது. இரட்டை சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர். விலை அதிகம், பெட்ரோல் குடிப்பதோ அதைவிட அதிகம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதை முடிந்தது. விற்காமல் தோற்ற அந்த வண்டிக்குத்தான் இன்று சில லட்சங்கள் கேட்கிறார்கள். அதிலும் முதலில் வந்த 30.5 குதிரைத்திறன் ஹெச்.டி. என்றால் ஒரு விலை, பிறகு வந்த 27 குதிரைத்திறன் எல்.டி. என்றால் வேறு விலை. மகேந்திர சிங் தோனி போன்ற ஒருவர் தன் வீட்டில் ஆர்.டி.யை வைத்துப் பராமரிக்கிறார் என்ற செய்தி பரவினால், ஒரே இரவில் பத்து இளைஞர்கள் அதைத் தேடத் தொடங்குகிறார்கள்.

ஆர்.எக்ஸ். 100-இன் கதை நேர்மாறானது. 1985 முதல் 1996 வரை வந்தது, நன்றாக விற்றது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், சுமார் நூறு கிலோ எடை. தொடக்கத்தில் இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த வண்டி. நன்றாகச் செப்பனிட்டதென்றால் இன்று லட்சத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள். இது அரிய வண்டி அல்ல. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி டூ-ஸ்ட்ரோக் என்ற இனமே நின்றுபோனதால், இனி அந்த ஒலியும் அந்த இழுப்பும் புதிதாகப் பிறக்காது என்று ஆனது. விலையை ஏற்றியது அதுதான். கூடவே, அன்று பின்சீட்டில் உட்கார்ந்து போன பையன்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிரான்சுக்கும் போய்ச் சம்பாதித்து விடுமுறையில் ஊர் வருகிறார்கள். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுப் பிள்ளைகளிலிருந்து நிரவி, திருமலைராயன்பட்டினத்துப் பையன்கள் வரை, வந்த இரண்டாம் நாள் மெக்கானிக் கடைக்குப் போய் "பாய், பழைய ஆர்.எக்ஸ். ஏதும் வருதா?" என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும்.

இந்த மோகத்தைக் குறை சொல்வது சுலபம். நான் முதலில் அதன் நன்மையைச் சொல்ல வேண்டும், அது சிறியதல்ல. விலை ஏறியிராவிட்டால் இந்த வண்டிகளில் பாதிக்கு மேல் சென்னைப் புதுப்பேட்டையில் பிரிக்கப்பட்டு இரும்பாகியிருக்கும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குக்கு இன்று மரியாதை இருப்பதற்கும் அந்த விலையே காரணம். லேத்துப் பட்டறை, ஸ்போக் கட்டுபவர், நிக்கல் பூச்சு போடுபவர், டேங்கின் சொட்டையைத் தட்டி எடுப்பவர் என்று நாலைந்து கைத்தொழில்கள் இந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. எங்கள் மெக்கானிக் பாய் கடையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பிஸ்டன் ரிங்கின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே நின்றுபோன வண்டி அது.

குறை தொடங்கும் இடம் 'ஒரிஜினல்' என்ற சொல். தரகர்களின் பேச்சில் அதற்கு ஒரு பட்டியலே உண்டு: சிங்கிள் ஓனர், கம்பெனி பெயிண்ட், ஸ்டாண்டர்டு போர், மேட் இன் ஜப்பான் முத்திரை உள்ள பாகங்கள். ஸ்டாண்டர்டு போர் என்றால் சிலிண்டர் இன்னும் 50 மில்லிமீட்டர் விட்டத்திலேயே இருக்கிறது, ஒருமுறைகூடக் கடைசல் பிடிக்கவில்லை என்று பொருள். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் ஓட ஓடத் தேயும். தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போட வேண்டும். ஆக, ஸ்டாண்டர்டு போர் என்று பெருமையோடு சொல்லும்போது அந்த வண்டி அதிகம் ஓடவில்லை என்றுதான் சொல்கிறோம். ஓடாததற்கு முதல் மரியாதை, ஓடியதற்குத் தள்ளுபடி.

இந்த அளவுகோல் கடலோர ஊருக்குப் பொருந்தவே பொருந்தாது. கோயம்புத்தூரிலோ தருமபுரியிலோ ஒரு வண்டியைக் கொட்டகையில் போட்டு இருபது வருடம் மறந்துவிட்டாலும் பெரும்பகுதி மிஞ்சும். காரைக்காலில் இரண்டு ஐப்பசி போதும். சைலன்சரின் அடிப்பக்கம் ஓட்டையாகும், டேங்கின் உள்ளே துரு செதில் செதிலாக உதிரும், ரிம்மில் புள்ளி வைக்கும். இங்கே எந்த வண்டியும் தொடாமல் இருந்ததால் பிழைத்ததில்லை. மழைக்கு முன் மட்கார்டின் அடியில் பழைய ஆயிலைத் தடவியும், மழைக்குப் பின் கழற்றிக் கழுவியும், தேய்ந்ததை மாற்றியும், ஒருவர் விடாமல் தொட்டுக்கொண்டே இருந்ததால் பிழைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பட்டினச்சேரியிலிருந்தும் காரைக்கால்மேட்டிலிருந்தும் என்ஜினுக்குள் கடல்நீரும் மணலுமாக வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாய் ஒவ்வொன்றையும் பிரித்து டீசலில் ஊறவைத்தார். கடைக்கு முன்னால் பழைய எண்ணெய் டின்களை அறுத்து வரிசையாக வைத்திருந்தார். ஒரு டின்னுக்கு ஒரு வண்டி. அப்படிப் பிழைத்தவை சந்தைக் கணக்கில் 'தண்ணி வண்டி'. பாதி விலைகூடக் கிடையாது.

வெளிநாட்டுச் சந்தை இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதே என் வாதம். 2018-ல் 4.84 கோடி டாலருக்குப் போன அந்த ஃபெராரி, தொழிற்சாலையிலிருந்து வந்த உடலோடு இல்லை. 1964-ல் ஸ்காலியெட்டி பட்டறையில் அதற்குப் புதிய வடிவிலான உடல் போடப்பட்டது. அது குறையாக எண்ணப்படவில்லை. யார் செய்தார், எப்போது, ஏன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாற்றமும் வண்டியின் வரலாற்றில் ஒரு பக்கமாகச் சேர்ந்தது. நாமோ அந்தச் சந்தையிலிருந்து எண்கள் பொருந்த வேண்டும் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்த வேலையை எழுதிவைக்க வேண்டும் என்ற மறுபாதியை விட்டுவிட்டோம்.

அந்தப் பாதி இல்லாததால் வந்த கேடுகள் கண்ணெதிரே இருக்கின்றன. மூன்று வண்டிகளைப் பிரித்து ஒன்றாக்கி, ஆர்.எக்ஸ். 135-இன் உள்ளுறுப்புகளை 100-இன் உடலில் பூட்டி, ஸ்டிக்கர் ஒட்டி 'முழு ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். எண் அழிந்தால் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்து அனுமதியோடு மீண்டும் பதித்துக்கொள்ள வழி உண்டு. அப்படி நேர்மையாகப் பதித்து, அதை ஆவணத்தில் காட்டும் வண்டிக்கு விலை குறைகிறது. திருட்டுத்தனமாகச் சுத்தியலால் அடித்து ஒன்றும் சொல்லாமல் விற்பவருக்கு முழு விலை கிடைக்கிறது. உண்மையைச் சொன்னவரைத் தண்டித்துப் பொய்க்குப் பரிசு தரும் அளவுகோலை நல்ல அளவுகோல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

காரைக்காலுக்கென்று கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர், வேறு மாநிலம். பி.ஒய். 02 வண்டியை டி.என். 51 ஆக்கத் தடையில்லாச் சான்று, அந்தப் பக்கத்து வரி, மறுபதிவு எல்லாம் வேண்டும். ஒரே நிலையில் உள்ள இரண்டு வண்டிகள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விலைக்குப் பேசப்படுவது இரும்பினால் அல்ல, காகிதத்தினால். சட்டமும் கைகொடுக்கவில்லை. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது நிறைந்த வண்டிக்குத்தான் விண்டேஜ் தகுதியும் 'வி.ஏ.' எண்ணும். முதல் ஆர்.எக்ஸ். 100-க்கு அந்தத் தகுதி 2035-ல்தான் வரும். அதுவரை அது வெறும் பழைய வண்டி. இருபது வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் இரண்டாயிரம் ரூபாய் ஆகியிருக்கிறது. சரி, 2035-ல் விண்டேஜ் ஆனால்? கண்காட்சிக்கும் பேரணிக்கும் தவிரத் தினசரி சாலையில் ஓட்டக் கூடாது. வயது வந்ததும் வீட்டுக்குள் உட்காரச் சொல்கிறது சட்டம். புகையை எண்ணிப் பார்த்தால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் எரியாத எண்ணெயையும் சேர்த்தே ஊரில் விடுகிறது என்பதை அதன் மீது ஆசை வைத்தவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திருவாரூர் ஆழித்தேர் எங்களுக்கு ஒரு மணிநேரப் பயணத்தில் இருக்கிறது. பழைய தேர் சென்ற நூற்றாண்டில் தீயில் எரிந்துபோய்ப் புதிதாகச் செய்தார்கள். பிறகு திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. வடம் பிடிக்க வரும் யாருக்கும் இது அதே தேர்தானா என்ற சந்தேகம் வந்ததில்லை. எந்த ஆண்டு எரிந்தது, எப்போது மீண்டும் ஓடியது, எதை மாற்றினார்கள் என்று ஊரே சொல்லும். தேரின் பெருமையில் அதுவும் சேர்த்தி. பொருளை மதிக்கும் இந்த முறை நம் டெல்டாவில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிச் சந்தைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

எங்கள் ஆர்.எக்ஸ்.-இன் இடது சைடு பேனலைக் கழற்றினால் உள்பக்கம் பாய் ஆணியால் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. '25 – 1997', அதாவது சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கிய வருடம். அதன் கீழே '50 – 2009'. நடுவில் கிளட்ச் பிளேட், செயின் செட் மாற்றிய தேதிகள். டேங்க் கழுவிப் பூசிய வருடம்கூட இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில் கிலோமீட்டர் கணக்கு ஓரிடத்தில். வாங்க வந்தவர் அதையும் பார்த்தார். "இதை மாத்திட்டுப் புது பேனல் போட்டுக்கலாம்" என்றார். எனக்கு அந்த வண்டியில் விலைமதிப்புள்ள பாகம் அதுதான். எண் அழிந்த இந்த வண்டி எது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. விற்பவரும் மெக்கானிக்கும் கையெழுத்திட்ட ஒரு வேலைப் புத்தகம் ஆர்.சி. புக்கோடு சேர்ந்து கைமாற வேண்டும், விலை பேசும்போது அதையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று பழைய வண்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். பாதிப் பேர் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன வாரம் பாய் கிக்கரை மிதித்துவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "சத்தம் வந்துடுச்சு தம்பி, எழுபத்தஞ்சு போட்டுடணும்" என்றார். ஐப்பசிக்கு முன் சிலிண்டரை லேத்துக்கு அனுப்ப வேண்டும்.