பொழுது சாய்ந்தபின் தக்காளி என்ன விலை?

சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் இருட்டோடு பறித்த தக்காளியும் கத்தரியும் விடிந்த கையோடு போடிநாயக்கனூர் உழவர் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் அதே ஊர்ப் பெண்கள் ஏலத்தோட்டத்து ஜீப்பில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்து போடிமெட்டு வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். காய் எடுப்பு முடிந்து அவர்கள் கீழே இறங்கப் பொழுது சாய்ந்துவிடும். உழவர் சந்தையோ மத்தியானத்திலேயே காலி. ஆக, தன் ஊர்த் தோட்டத்துக் காயை வாங்க நினைக்கிற கூலிக்காரப் பெண்ணுக்கு அந்திக் கடைதான் கதி. அங்கே விலை வேறு, விற்கிற முறையும் வேறு.

காலையில் தராசு வைத்து விற்ற அதே வியாபாரி, விளக்குப் போட்டதும் தராசை ஓரங்கட்டிவிட்டுச் சாக்கில் தக்காளியைக் கூறு கூறாகப் பிரித்து வைக்கிறார். ஒரு கூறு கொஞ்சம் கூட இருக்கும், இன்னொன்று கொஞ்சம் குறைய இருக்கும். எடை யாருக்கும் முக்கியமில்லை. கையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் தகராறு வருகிறது. “யக்கா, கூறக் கலைக்காத. பொறுக்குனா இருபது, வாரிக்கிட்டுப் போனா பதினஞ்சு” என்பார் கடைக்காரம்மா. “அடியில நசுங்குனத வச்சு மேல நல்லதா அடுக்கியிருக்க, வாரிக்கிட்டா நாளைக்கு யாரு திங்கிறது?” என்று பதில் வரும். கடைக்காரம்மா ஒன்றிரண்டு நல்ல பழத்தை மேலே போடுவார். வாங்க வந்தவர் ஒரு நைந்த பழத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். கடைசியில் கருவேப்பிலை ஒரு கொத்து சேர்ந்து பை நிறையும். மறுநாள் அதே முகம் அதே கடைக்குத்தான் வரும்.

இந்த முறையைப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடைக்காரம்மா காலையில் தண்டல்காரரிடம் வாங்கிய பணத்தில் சரக்கு எடுத்தவராக இருப்பார். பொழுது சாய விலையைக் குறைக்கிறபோது அவர் குறைப்பது தன் வீட்டு அடுப்புக்கான பணத்தை. விற்காமல் மிஞ்சினால் ஈடு செய்ய யாருமில்லை. மாட்டுக்குத்தான் போட வேண்டும். ஆனாலும் ஒன்று உண்மை: எப்போது குறைப்பது, எவ்வளவு குறைப்பது, யாருக்குக் குறைப்பது என்ற மூன்றும் அவர் கையிலேயே இருக்கின்றன. எதிரே நிற்கிற பெண் மலையிலிருந்து இறங்கியவளா, காரில் வந்தவளா என்று பார்த்து விலை சொல்ல அவரால் முடிகிறது. சண்டை வந்தாலும் முடிவெடுக்கிறவரோடுதான் சண்டை.

இலங்கையில் இதே அந்தி வேளை ஓரளவுக்கு வேறு கூரைக்குக் கீழே போய்விட்டது. கார்கில்ஸ் நிறுவனம் 1983-இல் கொழும்பில் முதல் ஃபுட் சிட்டி சூப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்தது 1996-இல்தான். இன்று கார்கில்ஸுக்கு மட்டும் 500-க்கு மேல் கிளைகள். யாழ்ப்பாணத்திலும் உண்டு, மலையக நகரங்களிலும் உண்டு. நம் போடி அளவுள்ள ஓர் ஊரில் குளிரூட்டிய கடைக்குள் நுழைந்து கரட்டும் லீக்ஸும் வாங்குவது அங்கே ஒரு தலைமுறைக்குப் பழகிப்போன காரியம்.

1999-ஆம் ஆண்டை இரு நாட்டு மரக்கறிக்கும் திருப்புமுனை என்று சொல்லலாம். அந்த ஆண்டு நவம்பர் 14-இல் மதுரையில் மு. கருணாநிதி முதல் உழவர் சந்தையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில்தான் தம்புள்ளையில் அரசின் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தை திறந்தது. கார்கில்ஸ் ஹங்குரன்கெத்தையில் சேகரிப்பு நிலையம் வைத்து விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியதும் அப்போதுதான். இடைத்தரகரை ஒதுக்க வேண்டும் என்ற நோக்கம் இரு பக்கமும் ஒன்றுதான். இங்கே விவசாயியே அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்து விற்றார். அங்கே ஒரு நிறுவனம் அவரிடம் வாங்கித் தன் அலுமாரியில் அடுக்கி விற்றது. உழவர் சந்தைப் பலகையில் காலையிலேயே விலை எழுதிவிடுவார்கள்: மொத்த விலைக்கு ஏறக்குறைய 20 சதவீதம் மேலே, வெளிச் சில்லறை விலைக்கு 15 சதவீதம் கீழே என்பது கணக்கு. அதற்கு மேல் விற்கக் கூடாது. கீழே விற்கத் தடையில்லை. சந்தை கலைகிற நேரத்தில் மீந்ததைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பஸ் ஏறுவதும் விவசாயியின் சொந்த முடிவுதான். ஃபுட் சிட்டி போன்ற கடையில் அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்த முடிவு கிடையாது.

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு கடையில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாண் என்கிற ரொட்டி, பணிஸ் என்கிற பன், நறுக்கிப் பொதி செய்த மரக்கறி ஆகியவற்றுக்கு இரவில் விலைக்கழிவு லேபிள் ஒட்டுவார்கள். அது தெரிந்தவர்கள் அரை மணி முன்னதாகவே வந்து, வேறெதையோ பார்ப்பதுபோல அந்த வரிசையிலேயே உலாத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு பொதியை எடுத்து அரிசிப் பைகளுக்குப் பின்னால் வைத்தார். லேபிள் ஒட்டும் கருவியோடு வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். “பிள்ளை, இதுக்கும் அடிச்சு விடுங்கோவன்” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். “ஐயா, அது என்ர கையில இல்லை. சிஸ்ரத்தில வந்தாத்தான் அடிக்கலாம்.” “பத்து நிமிசம்தானே?” “இப்ப அடிச்சா எனக்குத்தான் பிரச்சினை ஐயா.” பின்னாலிருந்து ஓர் அம்மா, “உங்கட ஆக்களுக்கெண்டா எடுத்து வைப்பீங்கள்” என்று குரலை உயர்த்தினார். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டே போனார்.

அந்த அம்மாவைப் பேராசைக்காரி என்று சொல்ல நான் ஆளில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. 2024 ஜனவரியில் மழையால் மலைநாட்டுப் பயிர் கெட்டபோது ஒரு கிலோ கரட் 2,000 ரூபாயைத் தாண்டியது. கரட் விளைகிற நுவரெலியாவின் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய்தான். இரண்டு நாள் கொழுந்து பறித்தாலும் ஒரு கிலோ கரட் கைக்கு வராது. அப்படியொரு காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு லேபிள் விழும் நேரம் விளையாட்டல்ல. அரை விலைப் பாணை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் காலைச் சாப்பாடு நடக்கும், கைதவறினால் நடக்காது.

ஆகவே ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே நடக்கிற இந்த உரசலை நான் இரண்டு பேருடைய குணக்கோளாறாகப் பார்க்கவில்லை. போடி அந்திக் கடையில் சரக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கின்றன. அதனால் வாய்த்தகராறு வியாபாரத்தின் பகுதியாகி அங்கேயே முடிந்துபோகிறது. பெரிய கடையில் சரக்கு ஒரு கையில், அதிகாரம் எங்கோ தலைமை அலுவலகத்தில். கோபம் மட்டும் லேபிள் கருவி வைத்திருக்கிறவர் மேல் விழுகிறது. மீந்த சரக்கு கணக்கில் நட்டமாக எழுதப்பட்டுக் கிளை மேலாளரின் தலையில் ஏறும் என்பதால் அவரும் இறுக்கமாகவே இருப்பார். போடியில் நட்டமும் திட்டும் கடைக்காரம்மாவுக்கு. பெரிய கடையில் நட்டம் நிறுவனத்துக்கு, திட்டு சம்பளக்காரிக்கு.

விலையைக் குறைக்கும் உரிமை யாருடையது என்பது சட்ட நடவடிக்கை வரை போன கேள்விதான். ஜப்பானில் செவன்-இலெவன் கடைகளை உரிமம் பெற்று நடத்துகிறவர்கள், காலாவதி நெருங்கிய சாப்பாட்டுப் பொட்டலங்களை விலை குறைத்து விற்க முயன்றபோது தலைமை நிறுவனம் தடுத்தது. தூக்கி எறிந்த பொட்டலங்களின் நட்டம் மட்டும் கடை நடத்துகிறவர் கணக்கில் ஏறியது. 2009 ஜூனில் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் அந்தத் தடை சட்டவிரோதம் என்று உத்தரவிட்டது. பிரான்ஸ் வேறு வழியில் போனது: 2016-இல் வந்த சட்டப்படி, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகள் உண்ணத்தக்க மிச்சத்தை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் கடைகளை அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நம் இரு நாட்டுச் சட்டமும் முதன்மையாகப் பார்ப்பது பாதுகாப்பை: இங்கே 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம், அங்கே 1980-ஆம் ஆண்டு உணவுச் சட்டம். யாழ்ப்பாணத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காலாவதிப் பொருளைக் கண்டால் கடைக்காரரை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்திவிடுவார். அது நல்ல விஷயம், தேவையான விஷயம். ஆனால் வழக்குக்குப் பயந்தவர்கள் நாளை முடிகிற பொதியை இன்று மாலை குறைத்து விற்பதைவிட இன்று மத்தியானமே தூக்கிப் போடுவதைப் பாதுகாப்பாக நினைக்கிறார்கள். திகதி அச்சடிக்காத கூறு தக்காளிக்கு அந்தப் பயம் இல்லை. கண்ணும் மூக்கும்தான் பரிசோதகர்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாகச் சொல்கிறது. அதில் கடைகளின் பங்கு 12 சதவீதம், வீடுகளின் பங்கு 60 சதவீதம். கடைகளின் பங்கு சிறிதுதானே என்று தோன்றலாம். அரை விலைக்குக் கிடைத்தது என்று மூன்று பொதி வாங்கி, இரண்டை வீட்டில் அழுகவிட்டால் அது வீட்டுக் கணக்கில் போய்ச் சேரும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கூறு கட்டி விற்பதில் இந்த ஆபத்து குறைவு. ஒருநாள் குழம்புக்கு ஆகிற அளவுதான் கூறு. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர்கள் அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே சமைத்துவிடுகிறார்கள்.

நம் பக்கமும் காலம் மாறிக்கொண்டிருக்கிறது. தேனியிலும் மதுரையிலும் குளிரூட்டிய கடைகள் வந்துவிட்டன; பெருநகரங்களில் கைப்பேசியில் சொன்னால் பத்து நிமிடத்தில் தக்காளி வாசலுக்கு வருகிறது. விற்பனைக்கு வைத்த இடத்தையே வாங்குகிறவர் பார்க்க முடியாத அந்த முறையில் அந்தி விலை என்று ஒன்றே கிடையாது. இணைய வழி விற்கிற உணவுப் பொருள், வீடு வந்து சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. வாங்குகிறவருக்கு அது நன்மைதான். அந்த வரம்பைத் தாண்டிய பொருள் எந்த ஏழை வீட்டுக்குப் போகும் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இலங்கைக் கடைகளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: விலைக்கழிவு எல்லோருக்கும் ஒன்று. முகம் பார்த்து, உறவு பார்த்து, சில இடங்களில் சாதி பார்த்துப் போடுகிற விலை அதில் இல்லை. கூச்சப்படுகிறவர், பேரம் பேசத் தெரியாதவர், முதன்முதலாக ஊருக்கு வந்தவர் எல்லோருக்கும் அந்த லேபிள் ஒரே பணத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. நம்மிடம் அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு: அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொஞ்சம் அதிகாரம். நைந்ததை நைந்தது என்று சொல்லி அங்கேயே ஐந்து ரூபாய் குறைக்க ஓர் ஊழியரை அனுமதித்தால் பாதிச் சண்டை வராது. லேபிள் நேரத்தை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, ஓர் ஆளுக்கு இத்தனை பொதி என்று வரையறுத்தால் மீதிப் பாதியும் அடங்கும். ஊழியர்களும் அந்த விலைக்கு வாங்கலாம் என்பதை ஒளிக்காமல் எழுதிப் போட்டால், எடுத்து வைக்கிறார்கள் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

போடிக்கு வேண்டியது இதைவிட எளிது. உழவர் சந்தைக் கொட்டகை பிற்பகல் முழுவதும் சும்மா கிடக்கிறது. மாலையில் உழவர் சந்தைகளைத் திறந்து சிறுதானியமும் பயறும் விற்கும் திட்டத்தை அரசே அறிவித்ததுண்டு. காய்கறிக்கும் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நேரம் கொடுக்கலாம். காலைப் பலகைக்குப் பக்கத்தில் மாலைப் பலகை ஒன்றை மாட்டி, மீந்த காய்க்குக் குறைத்த விலையை எழுதி வைக்கலாம். விவசாயி இரண்டாம் முறை வர முடியாது என்றால் சிலமலை, ராசிங்காபுரம் மகளிர் குழுக்கள் அவர் சரக்கை எடுத்து விற்கட்டும். மத்தியானம் அவர் தள்ளிவிட்டுப் போகிற விலையைவிட நிச்சயம் கூடுதலாகக் கிடைக்கும். போடிமெட்டிலிருந்து தோட்ட ஜீப்புகள் இறங்கி வருகிற நேரமும் அதுதான்.